சட்டம் கேட்கிற வயது, அம்மா சொல்கிற வயது

பாம்பன்காற்று எழுதியது:

நேற்று காற்று அதிகம், எங்கள் பக்கம் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. வேலையில்லாத நாள் என்றால் தங்கச்சிமடம் டீக்கடைகளில் வாய்ச்சண்டைக்குக் குறைவிருக்காது, உங்களுக்கே தெரியும். கச்சத்தீவில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் அந்தக் கரையில், இலங்கைப் போரில், துப்பாக்கி தூக்கிய சின்னப் பையன்களில் வந்து நின்றது. ஒருவர், "பன்னிரண்டு வயசுப் பையனை எல்லாம் பிடிச்சிட்டுப் போனாங்களே, அதுக்காக யாரையாவது உள்ள போட்டாங்களா?" என்றார். எதிரில் இருந்தவர், "எத்தனையோ பேர் தானா விரும்பித்தான் போனான், இதுல எங்கேருந்து வந்துச்சு குற்றம்?" என்று எகிறினார். நான் மதுரையில் சட்டம் மூன்றாம் வருடம் படிப்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே "வக்கீலு, நீ சொல்லுடா" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

பதினைந்து வயதுக்குக் கீழே சேர்த்தால் போர்க்குற்றம், பையன் சம்மதித்தானா என்பது கணக்கில்லை என்று பரீட்சைக்குப் படித்ததைச் சொன்னேன். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, "அப்போ பதினாறு வயசுப் பையன சேர்த்தா பரவாயில்லையா?" என்று கேட்டார். அங்கே மாட்டிக்கொண்டேன். சட்டம் தெரிந்தவர்கள், அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று திட்டிக்கொள்வதற்காக இதை ஆரம்பிக்கவில்லை, அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, கடைக்காரர் சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறார். அந்தப் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருக்கிற மூன்று வருடத்தில்தான் இந்தச் சட்டம் முழுக்கத் தடுமாறுகிறது.

1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களுக்குக் கூடுதல் நெறிமுறைகள் என்று இரண்டு வந்தன. ஒன்று நாடுகளுக்கு இடையிலான போருக்கு, இன்னொன்று உள்நாட்டுப் போருக்கு. இரண்டிலும் பதினைந்துக்குக் கீழே இருப்பவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்று எழுதினார்கள். அப்புறம் 1989இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. அதை எடுத்துப் படித்துப் பார், வேடிக்கையாக இருக்கும். முதல் பிரிவிலேயே பதினெட்டு ஆகாதவர் எல்லாம் குழந்தை என்று சொல்லிவிட்டு, போர் பற்றிய 38ஆம் பிரிவுக்கு வந்ததும் சத்தமில்லாமல் பதினைந்துக்கு இறங்கிவிடுவார்கள். பதினாறு, பதினேழில் ஆள் எடுக்கிற ராணுவங்கள் அன்று பல நாடுகளில் இருந்தன, அவர்களைக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1998இல் ஹேக் நகரத்தில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அமைப்பதற்கான ரோம் சட்டத்தை எழுதியபோது அதே பதினைந்தைத்தான் எடுத்துப் போர்க்குற்றமாக எழுதினார்கள். கட்டாயப்படுத்திச் சேர்ப்பது, விரும்பி வந்தவரைச் சேர்த்துக்கொள்வது, சண்டையில் பயன்படுத்துவது, மூன்றும் தனித்தனிக் குற்றம். ஆகவே "தானா வந்தான்" என்பது அங்கே எடுபடாது.

பதினெட்டு வந்தது, அந்தக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோடு சேர்த்து 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேறிய விருப்ப நெறிமுறையில். அது 2002 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசுகள் பதினெட்டு ஆகாதவர்களை நேரடிச் சண்டைக்கு அனுப்பக் கூடாது, கட்டாயமாகச் சேர்க்கவும் கூடாது. அரசு அல்லாத ஆயுதக் குழுக்களோ பதினெட்டுக்குக் கீழே எந்த நிலையிலும் சேர்க்கவே கூடாது, விரும்பி வந்தாலும் கூடாது. ஆக, கடைக்காரருக்கு இப்படிச் சொல்: பதினாறு வயதுப் பையனை ஓர் இயக்கம் சேர்த்தால் அது சர்வதேச சட்டமீறல்தான், ஆனால் ஹேக் நகரத்துக் கூண்டில் ஏற்றுகிற போர்க்குற்றம் ஆகாது. கேட்க அசிங்கமாக இருக்கிறது, தெரியும்.

ஏர்வாடி_இளவல் எழுதியது:

இதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. அரசு பதினாறு வயதுக்காரனை விருப்பத்தின் பேரில் எடுக்கலாம், இயக்கம் எடுத்தால் தப்பா? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்கிற கதை. சட்டத்தை எழுதியது அரசுகள், தங்களுக்கு வசதியாக எழுதிக்கொண்டார்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

உன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிரிட்டன் இன்றைக்கும் பதினாறில் எடுக்கிறது. நம் இந்தியாவே 2005இல் அந்த நெறிமுறையை ஏற்றபோது, ஆள் எடுக்கும் குறைந்த வயது பதினாறரை, களத்துக்கு அனுப்புவது பதினெட்டுக்கு மேல்தான் என்று எழுதிக்கொடுத்தது. அக்னிவீர் திட்டத்துக்குப் பதினேழரை. காலை ஐந்தரை மணிக்குப் பட்டணம்காத்தான் சாலையில் ஓடுகிற பையன்களில் பதினேழரைக்குக் காத்திருப்பவன் எத்தனை பேர், போய்க் கேட்டுப் பார்.

ஆனால் மீதிப் பாதியையும் கேள். அரசு பதினெட்டுக்குக் கீழே எடுப்பதென்றால் அந்த நெறிமுறையின் மூன்றாம் பிரிவு நாலு நிபந்தனை போடுகிறது. உண்மையான விருப்பம், பெற்றோர் அறிந்து கொடுத்த சம்மதம், என்ன வேலை என்ற முழுத் தகவல், நம்பத்தக்க வயதுச் சான்று. காட்டுக்குள் இருக்கிற ஒரு குழுவிடம் இந்த நாலையும் யார் போய்ச் சரிபார்ப்பது? அதனால்தான் கதவையே சாத்திவிட்டார்கள். இந்தியச் சட்டத்திலும் இது உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, ஆயுதக் குழு குழந்தையைச் சேர்த்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம் என்கிறது.

தொண்டிக்காரர் எழுதியது:

சட்டப் பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது. அறுபத்தெட்டு வயது ஆகிறது, பார்த்ததைச் சொல்கிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஆள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அகதிகள் ஒரு பக்கம், இயக்கப் பையன்கள் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் முகாம் போட்டு மத்திய அரசே பயிற்சி கொடுத்த காலம், இப்போது அதை யாரும் மறைப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு ராத்திரியில் நாலு பேர், ஐந்து பேர் என்று வருவார்கள். அம்மா குழம்பு சுண்டவைத்து வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு, விடிவதற்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எந்த இயக்கம் என்றுகூடக் கேட்கமாட்டோம், அன்றைக்கு ஊரில் ஐந்தாறு இயக்கப் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒருவனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையலம்ப எழுந்தவன் கிணற்றடியில் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கினான். என் தங்கை ஓடிப்போய் வாங்கி இறைத்துக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு, அவளை விட அவன் ஒரு சாண் குட்டை. "தம்பிக்கு என்ன வயசு?" என்று அம்மா கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் கூட வந்தவன் "பதினெட்டு அம்மா" என்றான். எங்கள் அம்மா ஒன்றும் பேசாமல் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

நாங்கள் அன்று பெருமையாகத்தான் இருந்தோம், பொய் சொல்ல மாட்டேன். வீரன், மாவீரன் என்று பேசினோம். அந்தப் பையனைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புங்கள் என்று தொண்டியில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொல்லவில்லை. இன்றைக்கு யாராவது "அவங்க பிள்ளைகளைப் பிடிச்சாங்க" என்று பேசினால் எனக்கு வாய் வருவதில்லை. சோறு போட்ட கை இது.

பாம்பன்காற்று எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. கறுப்புக்கோட்டு அண்ணே, 1983, 84இல் சட்டம் என்னவாக இருந்தது? அப்போது இது குற்றமே இல்லையா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

1977ஆம் ஆண்டு நெறிமுறைகள் இருந்தன, ஆனால் இலங்கையும் அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, இன்றுவரை சேரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரையும் கட்டுவது வழக்காற்றுச் சட்டம். நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்கில் "தொன்றுதொட்டு வழக்கம்" என்று வாதாடுகிறோமே, உலக நாடுகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. அது எப்போது வழக்கமாகிவிட்டது என்பதுதான் சண்டை. சியரா லியோன் நாட்டுப் போருக்கென்று அமைத்த சிறப்பு நீதிமன்றத்தில் 2004 மே மாதம் அந்தக் கேள்வி வந்தது. 1996 நவம்பருக்கு முன்பே அது வழக்காற்றுச் சட்டப்படி குற்றம்தான் என்று தீர்ப்பளித்தார்கள். அதே நீதிமன்றம்தான் 2007இல் இந்தக் குற்றத்துக்காக முதல்முறையாக ஆட்களைக் குற்றவாளி என்றது. பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் கொடுத்த ஐம்பது ஆண்டிலும் இந்தக் குற்றம் உண்டு. 1983ஐப் பொறுத்தவரை இருபக்கமும் வாதாடலாம், நான் எந்தப் பக்கம் ஃபீஸ் வாங்கினேன் என்பதைப் பொறுத்தது. (கோபிக்காதீர்கள், தொழில் பழக்கம்.)

ஏர்வாடி_இளவல் எழுதியது:

ஆப்பிரிக்காக்காரனை எல்லாம் பிடித்துப் போட்டார்கள், சரி. இலங்கையில் யாரைப் பிடித்தார்கள்? ஒரு பேரைச் சொல்லுங்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

சர்வதேச நீதிமன்றத்தில் ஒருவரையும் இல்லை. இலங்கை ரோம் சட்டத்தில் சேரவில்லை, சேராத நாட்டுக்குள் அந்த நாட்டுக்காரர்களே செய்ததை, அந்த நாடே ஒப்புக்கொண்டாலோ ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பிவைத்தாலோ தவிர அந்த நீதிமன்றம் எடுக்க முடியாது, இரண்டும் நடக்கவில்லை.

வாக்குறுதிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. 1998 மே மாதம் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஓலாரா ஒட்டுனு வன்னிக்கே போய்ப் பேசினார். பதினேழுக்குக் கீழே சேர்ப்பதில்லை, பதினெட்டுக்குக் கீழே சண்டைக்கு அனுப்புவதில்லை என்று விடுதலைப் புலிகள் அவரிடம் ஒப்புக்கொண்டார்கள். நடக்கவில்லை. 2003இல் போர்நிறுத்தக் காலத்தில் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் ஒரு செயல்திட்டத்துக்கு இரு தரப்பையும் உட்காரவைத்து, விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்குக் கிளிநொச்சியில் ஒரு இடைத்தங்கல் நிலையமும் திறந்தார்கள். அதே 2003 முதல் 2008 முடியும் வரை புலிகள் சேர்த்த பிள்ளைகள் என்று யுனிசெஃப் பதிவேட்டில் ஏறியது 6,000க்கு மேல். பதிவேட்டில் ஏறியது மட்டும்தான் அது.

இளவல், நீ கேட்கப்போவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தை விட்டுப் பிரிந்தபோது கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அதே கருணா குழு கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது, அதற்கு அரசுப் படையில் சிலர் உடந்தை என்று 2006 நவம்பரில் போய்ப் பார்த்துவந்த ஐ.நா. ஆலோசகர் ஆலன் ராக் வெளிப்படையாகச் சொன்னார். அதே 2006இல்தான் இலங்கை நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, குழந்தையைப் போருக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஒரு கையால், உடந்தை இன்னொரு கையால்.

மன்னார்க்காரி எழுதியது:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. தொண்டி ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் இதைப் படைச்சேர்ப்பு, சிறுவர் போராளி என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. பிள்ளைபிடி. அவ்வளவுதான். "இண்டைக்குப் பிள்ளைபிடி வருதாம்" என்று ஒரு வீட்டில் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் கதவு சாத்திவிடும்.

நாங்கள் மன்னார் பெருநிலப்பரப்பில், விடத்தல்தீவுக்குப் பக்கம். முதலில் வீட்டுக்கு ஒரு ஆள் என்றார்கள். பிறகு அந்தக் கணக்கும் நிற்கவில்லை. என் மாமா மகளுக்குப் பதினாறு வயதில் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள், கலியாணம் முடித்தவர்களை எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அந்த வருடம் எங்கள் பக்கம் நடந்த கலியாணங்களில் மாப்பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்காது.

என் அண்ணன் 1991இல் பிறந்தவன். 2006, 2007இல் அவனுக்குப் பதினைந்து, பதினாறு. ஆனால் ஆள் நெட்டை. அம்மாவுக்கு அந்த உயரம்தான் பயம். அவனைக் கூனி நடக்கச் சொல்லுவா. உண்மையாகத்தான் சொல்கிறேன். வெளியில் போனால் தோளைக் குறுக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடக்க வேண்டும், பழைய கால்சட்டையைப் போட வேண்டும், அப்பாவின் பிளேட்டால் மேலுதட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வழிக்க வேண்டும். யார் கேட்டாலும் அவனுக்கு வயது பதினாலு, போன வருடம் கேட்டவர்களுக்கும் பதினாலு. வீட்டுக்குப் பின்னால் ஷெல்லுக்கு வெட்டிய பங்கர் இருந்தது. இரவில் அவன் அதற்குள், மேலே நாங்கள் விறகு அடுக்கி வைப்போம். காலையில் எடுக்கும்போது முதுகெல்லாம் எறும்புக்கடி.

2007 கடைசியில் அப்பா படகுக்காரரிடம் பேசி நகையைக் கொடுத்து எங்களை ஏற்றினார். அரிச்சல்முனைக்கு முன்னால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். விடியும் வரை தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவில் நின்றோம். விடிந்த பிறகு வந்து ஏற்றிக்கொண்டு போய் மண்டபம் அகதி முகாமில் விட்டார்கள். அங்கே பேர் பதிகிறபோது அண்ணனுக்கு என்ன வயது என்று கேட்டார்கள். அம்மா யோசிக்கவே இல்லை, "பதினாலு" என்றா. எழுதினவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவர் பதினாலு என்று எழுதிவிட்டார்.

இங்கே பிள்ளைபிடி இல்லை என்று அம்மாவுக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது. அதற்குள் காகிதம் எல்லாம் அந்த வயதில் போய்விட்டது. மீசை வந்த பையனை ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். இன்றைக்கு அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பெயின்ட் வேலை செய்கிறான். இப்போதும் சுவர் ஓரமாக நடந்தால் கூனித்தான் நடக்கிறான், அவனுக்கே தெரியாது.

தொண்டிக்காரர் எழுதியது:

மகளே, அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா?

மன்னார்க்காரி எழுதியது:

இருக்கிறா ஐயா. முகாமில்தான். இப்போது மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியிருக்கிறார்கள், வீடும் கொஞ்சம் நல்லது. அப்பாதான் வரவில்லை, பிந்தி வருகிறேன் என்றவர்.

மட்டுறுத்துனர்:

இந்தப் பதிவுக்குக் கீழே அரசியல் வசை எழுதிய இரண்டு மறுமொழிகளை நீக்கிவிட்டேன். தொடருங்கள்.

பாம்பன்காற்று எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் லுபாங்கா வழக்கில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம் புரிந்தது. காங்கோ நாட்டின் இதுரி பகுதியில் குழு நடத்திய தோமஸ் லுபாங்கா. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே அவர் மேல்தான், 2012 மார்ச்சில், பதினைந்துக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்த்துப் பயன்படுத்தியதற்காக. பதினான்கு ஆண்டு தண்டனை. பாடத்தில் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உள்ளே போய்ப் படித்தால் பாதி வழக்கு வயதைப் பற்றியது. நாங்கள் சிறுவர் போராளிகள் என்று சாட்சி சொல்ல வந்த பிள்ளைகள் பலருடைய சாட்சியத்தை நீதிபதிகள் நம்பவில்லை. சாட்சிகளைக் கூட்டி வந்த இடைத்தரகர்கள் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சொன்ன வயது ஒன்று, பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் வேறொன்று. மணிக்கட்டையும் பல்லையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் துல்லியமாகச் சொல்லாது என்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வீடியோதான் கை கொடுத்தது. முகாமிலும் லுபாங்காவின் மெய்க்காவலர்களிலும் நிற்கிற பிள்ளைகள், யார் பார்த்தாலும் பதினைந்துக்குக் கீழே என்று தெரிகிற அளவுக்குச் சின்ன முகங்கள்.

அதாவது பதினான்கரையா பதினைந்தரையா என்று சந்தேகம் வருகிற நெட்டைப் பையன் அந்த வழக்கில் எண்ணப்படவே இல்லை. உங்கள் அண்ணன் மாதிரி ஒருவர் அங்கே நின்றிருந்தால் நீதிபதி கண்ணுக்குப் பெரியவர்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி நன்றாகப் பிடித்துவிட்டான். இதையும் கவனி. அம்மா சொன்ன பதினாலு வயதில் பிடித்துப் போயிருந்தால் அது போர்க்குற்றம். உண்மையான பதினாறில் பிடித்திருந்தால் நெறிமுறை மீறல் மட்டும். அம்மாவுக்கு ரோம் சட்டம் தெரியாது, ஆனால் பொய் சொல்வதற்கு அவர் இறங்கி வந்து நின்ற வயது சரியாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம். எனக்கு இருபத்தைந்து வருட வக்கீல் அனுபவம், இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்ததில்லை.

ஏர்வாடி_இளவல் எழுதியது:

அக்கா கதையைப் படித்துவிட்டு நான் ஒன்றும் பேசுவதற்கில்லை. ஆனால் ஒரு சந்தேகம், வம்புக்குக் கேட்கவில்லை. பிடித்துப் போகப்பட்ட பையன், அங்கே போய் இரண்டு வருடத்தில் பத்துப் பேரைச் சுட்டுவிட்டான். அவனை என்ன செய்வது? செத்தவன் வீட்டில் போய் அவன் குழந்தை என்று சொல்ல முடியுமா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

ரோம் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தபோது பதினெட்டு ஆகாதவர் மேல் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. மற்ற இடங்களிலும் 2007இல் பாரிஸில் வகுத்த கோட்பாடுகள் முதலில் அவனைப் பாதிக்கப்பட்டவனாகப் பார் என்கின்றன. சமையல் செய்தவன், சுமை தூக்கியவன், தகவல் கொண்டு போனவன், கூட்டிப் போகப்பட்ட பெண்பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள், துப்பாக்கி பிடித்தவன் மட்டும் இல்லை. இலங்கையில் 2009க்குப் பிறகு சரணடைந்தவர்களில் பதினெட்டுக்குக் கீழே இருந்த சுமார் 600 பேரை வழக்குப் போடாமல் தனியாக மறுவாழ்வு நிலையங்களில் வைத்துப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அளவுக்கு நல்லது.

ஆனால் இரண்டு இடத்தில் சட்டம் கையை விரித்துவிடும். ஒன்று, டொமினிக் ஓங்வென். உகாண்டாக்காரன். பள்ளிக்கூடம் போகும் வழியில் சின்ன வயதில் கடத்தப்பட்டு, அதே குழுவில் வளர்ந்து தளபதியாகி, அதே மாதிரி பிள்ளைகளைக் கடத்தினான். பெரியவனாகி அவன் செய்ததற்கு 2021இல் இருபத்தைந்து ஆண்டு கொடுத்தார்கள். கடத்தப்பட்ட கதையைத் தண்டனை குறைப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள், விடுதலைக்கு இல்லை. பதினெட்டாம் பிறந்தநாள் காலையில் பாதிக்கப்பட்டவன் குற்றவாளியாக மாறுகிறான், காட்டுக்குள் யார் அவனுக்குக் கேக் வெட்டினார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது, சண்டை நடக்கும்போது துப்பாக்கியோடு எதிரில் நிற்பவன் பதினைந்து வயதானாலும் போர்ச்சட்டப்படி இலக்குதான். அதை வைத்துத்தான் அரசுகள் விளையாடும். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவுப் பக்கம் வல்லிபுனத்தில் செஞ்சோலை என்ற சிறுவர் இல்ல வளாகத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்டு ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் செத்தார்கள். பயிற்சி முகாம், போராளிகள் என்றது அரசு. முதலுதவிப் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். பிள்ளையைப் படையில் சேர்ப்பதில் இருக்கிற பெரிய பாவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சேர்க்கப்பட்டவனோடு முடிவதில்லை, சேர்க்கப்படாத பிள்ளையும் இலக்காகிவிடுகிறது. ஊரில் எந்தப் பதினாறு வயதுப் பெண்ணைக் கொன்றாலும் "போராளி" என்று ஒரு வார்த்தையில் கணக்கை முடிக்கலாம்.

தொண்டிக்காரர் எழுதியது:

செஞ்சோலை செய்தி வந்த அன்று இங்கே ஊரே சாப்பிடவில்லை. ஆனால் நாங்கள் அன்றைக்கும் ஒரு பக்கத்தைத்தான் கேட்டோம். குண்டு போட்டவனைத் திட்டினோம், பிள்ளை பிடித்தவனைப் பற்றிப் பேச்சு வந்தால் "இப்போ அதைப் பேசாதே" என்றோம். அந்த "இப்போ" முடியவே இல்லை.

அந்தக் கிணற்றடிப் பையன் 1985, 86இல் ஒருமுறை திரும்பி வந்தானாம், என் தங்கை சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அப்போது ஒற்றைக் கையால் வாளியை இறைத்தானாம்.

மன்னார்க்காரி எழுதியது:

கறுப்புக்கோட்டு அண்ணா, சட்டக் கேள்வி இல்லை, சொந்தக் கேள்வி. அண்ணன் ஊர் திரும்பலாமா என்று யோசிக்கிறான், அப்பாவின் காணி கிடக்கிறது. இலங்கைப் பிறப்புச் சான்று எடுத்தால் அதில் 1991 வரும், இங்கே இருக்கிற காகிதம் எல்லாம் 1993. ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, இரண்டு வேறு ஆள் மாதிரி இருக்கிறது, முதலில் நீ யார் என்று நிரூபி என்கிறார்கள். அம்மா பொய் சொன்னதாக எழுதிக்கொடுத்தால் அம்மாவுக்கு ஏதாவது வருமா? அதுதான் அவனுக்குப் பயம். "அம்மாவை மாட்டிவிட்டுத் திருத்துகிற வயது எனக்கு வேண்டாம்" என்கிறான்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

வராதம்மா. பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன வயது என்று உறுதிமொழிப் பத்திரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவோம், 2007இல் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஐ.நா. அறிக்கைகளே ஆதாரமாக இருக்கின்றன. ஒரே ஆள்தான் என்று காட்டப் பழைய காகிதம் ஏதாவது ஒன்று வேண்டும். ஊரில் எடுத்த அசல் பிறப்புச் சான்று கையில் இருக்கிறதா? இருந்தால் ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே மதியம் இரண்டு மணிக்கு மேல் கொண்டு வரச் சொல். ஃபீஸ் பற்றி யாரும் பேச வேண்டாம்.

மன்னார்க்காரி எழுதியது:

அசல் இல்லை அண்ணா. யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்று அம்மா பங்கருக்குள்ளேயே மண்ணில் புதைத்துவிட்டா. ஞானஸ்நானம் கொடுத்த கோயில் பதிவேடு மிஞ்சியிருந்தால் அதில் இருக்கும். அங்கே பங்குத்தந்தையின் நம்பர் பெரியம்மாவிடம் இருக்கிறது, இன்றைக்கு இரவு கேட்டுச் சொல்கிறேன்.